மட்டிக்கு ஏஏ, ஏத்தனுக்கு ஏஏபி: இந்த எழுத்துகளைத் தந்த சிம்மண்ட்ஸ் யார்?

கோதையாற்றங்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு வாழை விவசாயம். மட்டியும் ஏத்தனும்தான் (நேந்திரன்) முக்கியம், வரப்போரம் கொஞ்சம் மொந்தனும் உண்டு.

எங்கள் வகுப்பு நோட்ஸில் வாழையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இருவர் 1955-இல் வாழை ரகங்களை வகைப்படுத்தினார்கள் என்று. தேர்வுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. சமீபத்தில் அப்பாவோடு ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு குலைக்குப் பக்கத்திலும் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். மட்டிக்கு ஏஏ, ஏத்தனுக்கு ஏஏபி, செவ்வாழைக்கு ஏஏஏ, மொந்தனுக்கு ஏபிபி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, தரமா? ஏ கூடுதலாக இருந்தால் நல்ல பழமா?" என்று கேட்டார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த சிம்மண்ட்ஸ் யார்? அவர் செய்த வேலை அவருக்குப் பிறகு வந்த விஞ்ஞானிகளுக்கு எப்படிப் பயன்பட்டது? இப்போது டி.என்.ஏ. முழுவதையும் படித்துவிடுகிறார்கள், 1955-இல் போட்ட கணக்கு இன்னும் செல்லுமா? எங்கள் தோட்டத்திலேயே நான் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

அருமனை ஆசிரியர் பதில்:

மக்ளே, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நான் மிகவும் மதிக்கும் மரபியலாளர் சிம்மண்ட்ஸ். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. அந்த எழுத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த வாழையின் பூர்வீகம் எது என்று அது சொல்கிறது. நாம் தின்னும் வாழை ஏறக்குறைய எல்லாமே இரண்டு காட்டு வாழைகளின் வழி வந்தவை. ஒன்று மூசா அக்குமினேட்டா, அதற்கு ஏ. மற்றது மூசா பால்பிசியானா, அதற்கு பி. இரண்டின் பழத்திலும் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். ஒரு எழுத்து என்றால், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் 11 கொண்ட ஒரு தொகுதி. மட்டியில் ஏ தொகுதி இரண்டு, ஆக 22. ஏத்தனில் ஏ இரண்டு, பி ஒன்று, ஆக 33. செவ்வாழையிலும் 33தான், ஆனால் மூன்றும் ஏ. மொந்தனில் பி இரண்டு.

மூன்று தொகுதி உள்ள வாழையில் குரோமோசோம்கள் ஒழுங்காகச் சோடி சேராது, அதனால் விதை பிடிப்பது அரிது. அப்படியானால் மட்டியில் இரண்டே தொகுதிதானே, அதில் ஏன் விதை இல்லை என்று நீ கேட்பாய். மகரந்தம் சேராமலே காய் திரளுகிற குணம் ஒன்று தனியாக உண்டு. அதோடு மலட்டுத்தன்மையும் சேரும்போது விதையில்லாத சதைப்பழம் கிடைக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று பிரித்துக் காட்டி 1948-இல் கட்டுரை எழுதியவர்கள் கென்னத் டாட்ஸ் என்பவரும் நம் சிம்மண்ட்ஸும்.

சரி, ஆளைப் பற்றி. நார்மன் சிம்மண்ட்ஸ் 1922-இல் பிறந்த ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏன் வாழை ஆராய்ச்சி என்றால், பனாமா வாடல் நோய்தான் காரணம். ஏற்றுமதிக்கு அவர்கள் நம்பியிருந்த குரோ மிஷெல் என்ற ஒரே ரகம் அந்த நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்துகொண்டிருந்தது. நோய் தாங்கும் புது வாழையை உருவாக்க 1922-இலேயே டிரினிடாடில் கலப்பினப் பணியைத் தொடங்கியிருந்தார்கள். கலப்பு செய்ய வேண்டுமானால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிய வேண்டாமா? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் வாழைக்கு இரண்டு பெயர் வைத்தார், மூசா பாரடிசியாக்கா, மூசா சேப்பியண்டம் என்று. பின்னால் வந்தவர்கள் காய்க்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று அந்தப் பெயர்களைப் பங்கிட்டு, மேலும் மேலும் பெயர்களை அடுக்கினார்கள். அவர் பெயர் வைத்த அந்த இரண்டுமே காட்டுச் சிற்றினங்கள் கிடையாது, மனிதன் வளர்த்த கலப்பு வாழைகள். டிரினிடாடில் இருந்த சீஸ்மன் என்ற பேராசிரியர்தான் 1940-களின் கடைசியில் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். விதையில்லாத வாழைகளுக்குப் பூர்வீகம் அக்குமினேட்டாவும் பால்பிசியானாவும் என்று அவர் எழுதினார். சிம்மண்ட்ஸ் அந்த வழியில் வந்தவர். சீஸ்மன் சொன்னதை ஒவ்வொரு ரகத்திலும் அளந்து பார்க்கிற ஒரு கருவியாக மாற்றியதுதான் இவர் தனியாகச் செய்த காரியம்.

அந்தக் கருவி இதுதான். அவரும் கென்னத் ஷெப்பர்டும் வாழையின் 15 அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அக்குமினேட்டா போலவே இருந்தால் 1, பால்பிசியானா போலவே இருந்தால் 5, நடுவில் இருந்தால் நடுவில். கூட்டினால் சுத்தமான ஏ என்பது 15 வரும், சுத்தமான பி என்பது 75. அவர்கள் பார்த்த ஏஏ, ஏஏஏ வாழைகள் 15-க்கும் 23-க்கும் நடுவில் நின்றன. ஏஏபி 24-இலிருந்து 46 வரை. ஏபிபி 59-இலிருந்து 63 வரை. இதோடு குரோமோசோம் எண்ணிக்கை 22-ஆ, 33-ஆ, 44-ஆ என்று தெரிந்துவிட்டால் எழுத்தை எழுதிவிடலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. மட்டி ஒரு மூடு (வாழைமரம்), மொந்தன் ஒரு மூடு, இரண்டும் குலை தள்ளி கூம்போடு (வாழைப்பூவோடு) நிற்பதாகத் தேர்ந்தெடு. தண்டைப் பார். ஏ பக்கம் என்றால் கறுப்பு, பழுப்புத் திட்டுகள் நிறைய இருக்கும், பி பக்கம் என்றால் திட்டு அபூர்வம். அடுத்து இலைக்காம்பை நடுவில் குறுக்காக வெட்டிப் பார். மேல்பக்கம் வாய்க்கால் போன்ற பள்ளம் இருக்கும். அதன் விளிம்புகள் விரிந்தோ நிமிர்ந்தோ நின்றால் ஏ, உள்ளே வளைந்து மூடிக்கொண்டால் பி. குலைத்தண்டில் மெல்லிய மயிர் இருந்தால் ஏ, வழுவழு என்றால் பி. பிறகு கூம்பு. மடல் திறந்தபின் முதுகுப் பக்கமாகச் சுருண்டுகொள்வது ஏ. தூக்கி மட்டும் நின்று சுருளாமல் உதிர்வது பி. உதிர்ந்த மடலைப் புரட்டினால் உள்பக்கச் சிவப்பு அடிக்குப் போகப் போக மங்கி மஞ்சளாவது ஏ. அடிவரை ஒரே சிவப்பு என்றால் பி. மடல் நுனி கூராக இருப்பது ஏ, மழுங்கியிருப்பது பி. கடைசியாகப் பிஞ்சை நெடுக்காகப் பிளந்து கைலென்ஸ் வைத்துச் சூல்களைப் பார். ஒவ்வொரு அறையிலும் இரண்டு ஒழுங்கான வரிசை என்றால் ஏ, நான்கு ஒழுங்கற்ற வரிசை என்றால் பி. நான் மாணவர்களைத் திருவட்டார் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போய் இதைத்தான் செய்ய வைப்பேன். சூல் வரிசையைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் யாரும் அதை மறந்ததில்லை.

அவருடைய செல்வாக்கைப் பற்றிக் கேட்டாய். என் மனசுக்குப் படுவதைச் சொல்கிறேன். சிம்மண்ட்ஸின் முறைக்கு ஒரு கத்தியும் ஒரு லென்ஸும் பொறுமையும் போதும். குரோமோசோமை எண்ணத்தான் மைக்ராஸ்கோப் வேண்டும். அதனால் வாழை விளைகிற ஏழை நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தங்கள் ரகங்களைத் தாங்களே வகைப்படுத்த முடிந்தது. தாய்லாந்தில் சிலாயோய், சோம்சலோ என்ற இருவர் 1987-இல் தங்கள் நாட்டு வாழைகளை வைத்து மதிப்பெண் எல்லைகளைத் திருத்தினார்கள். ஷெப்பர்டு பிற்காலத்தில் பிரேசிலில் வாழைக் கலப்பினப் பணியில் இருந்தார். ஹோண்டுராஸில் ஃபிலிப் ரோ என்பவர் முதலில் இரண்டு தொகுதி உள்ள வாழைகளை மேம்படுத்தி, பிறகு அவற்றை உண்ணும் ரகங்களோடு சேர்த்தார். ஃபியா-01 என்ற வாழை அப்படி வந்ததுதான், அதன் எழுத்து ஏஏஏபி.

நம் மாநிலத்தில் 1949-இலேயே ஆடுதுறையில் வாழைக் கலப்பினப் பணி தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் 1984-இல் கோ-1 வெளியிட்டார்கள். கல்லார் லாடன், பால்பிசியானா, கதலி என்று அடுத்தடுத்துச் சேர்த்து, மலைவாழையின் சுவையைச் சமவெளிக்குக் கொண்டுவரச் செய்த முயற்சி அது. எதை எதோடு சேர்த்தால் எத்தனை தொகுதி வரும் என்று முன்கூட்டியே யோசிக்க இந்த எழுத்துக்கணக்கு இல்லாமல் முடியாது.

பி எழுத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. அக்குமினேட்டா எப்போதும் ஈரமான மலேசியப் பக்கத்துக் காடுகளுக்குப் பழகியது. பால்பிசியானா மழைக்காலம், வறண்ட காலம் என்று மாறி மாறி வரும் பருவமழை நாடுகளைத் தாங்கும். மனிதன் ஏ வாழையை இந்தப் பக்கம் கொண்டுவந்தபோது இரண்டும் கலந்தன, அந்தக் கலப்பில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது சிம்மண்ட்ஸ் சொன்னது. ஆக, சந்தையில் அடுக்கியிருக்கும் ஏத்தன், மொந்தன், பேயன் எல்லாவற்றிலும் நம் மண்ணின் பருவமழைக்கும் பங்கு இருக்கிறது. மார்த்தாண்டம் சந்தையில் நிற்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

அவர் வாழையோடு நிற்கவில்லை. 1959-இல் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்துக்கு வந்து உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் டிரினிடாடின் பழைய தோழர் டாட்ஸ். ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு எல்லாம் மிகச் சில மூதாதைகளிலிருந்து வந்ததால் நோய்க்குச் சுலபமாக இரையாகிறது என்று சிம்மண்ட்ஸ் கவலைப்பட்டார். ஆண்டீஸ் மலை உருளைக்கிழங்கைப் பெருவாரியாக ஐரோப்பாவின் நீண்ட பகலில் வளர்த்து, தேறியவற்றிலிருந்து அடுத்த தலைமுறை, அதிலிருந்து அடுத்தது என்று எடுத்தார். சில தலைமுறைகளிலேயே அவை ஐரோப்பிய உருளைக்கிழங்கின் குணத்துக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிளெய்ஸ்டட் என்பவரும் இதே பாதையில் பெரிய திட்டம் நடத்தினார். பயிரின் மரபணு அடித்தளம் குறுகிவிடக் கூடாது என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். அதைச் செய்தே காட்டிய முன்னோடிகளில் சிம்மண்ட்ஸ் ஒருவர்.

உனக்காக ஒரு இடைச்செருகல். அதே ஜான் இன்னஸில் 1940-களின் முதல் பாதியில் வேலை பார்த்தவர் நம்மவர், ஜானகி அம்மாள். டார்லிங்டன் என்ற மரபியலாளரோடு சேர்ந்து உலகப் பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே நூலில் தொகுத்து 1945-இல் வெளியிட்டார். அதற்கு முன் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது என்பது உனக்குத் தெரியும். அவரைப் பற்றியும் தேடிப் படி.

தக்கலைக்காரன் பதில்:

சார் எழுதியதற்கு மேல் வரலாற்றில் சேர்க்க ஒன்றுமில்லை. நான் தக்கலைதான், இப்போது வெளியூரில் பயிர் மரபணு ஆய்வில் இருக்கிறேன். "1955 கணக்கு இன்னும் செல்லுமா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பெரும்பாலும் செல்லும். 2000-இல் பிரான்சைச் சேர்ந்த ஏஞ்சலிக் டி'ஹோன்ட் குழுவினர் ஏ குரோமோசோமுக்கு ஒரு நிறம், பி குரோமோசோமுக்கு ஒரு நிறம் ஒளிரும்படி செய்து எண்ணிப் பார்த்தார்கள். பார்த்த ரகங்களில் பெரும்பாலானவை எழுத்துக்குச் சரியாகவே இருந்தன. ஆனால் பெலிபிட்டா என்ற ஏபிபி வாழையில் 11 ஏ, 22 பி இருக்க வேண்டிய இடத்தில் 8 ஏ, 25 பி இருந்தது. 2012-இல் அதே டி'ஹோன்ட் தலைமையில் அக்குமினேட்டாவின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அதில் சுமார் 36,500 மரபணுக்கள். அதன் பிறகு பால்பிசியானாவும் வந்தது. இப்போது தெரிவது என்னவென்றால், பல கலப்பு ரகங்களில் ஏ குரோமோசோமுக்குள் பி துண்டும், பி-க்குள் ஏ துண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரே கலப்பில் நேராக வந்தது போல எழுத்து காட்டுகிறது. உண்மையில் பல தலைமுறைகள் மாறி மாறிக் கலந்திருக்கின்றன.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வாழையில் பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ. தாய் வழியாகவும், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தந்தை வழியாகவும் வருகிறது. பெரும்பாலான பயிர்களில் இரண்டுமே தாய் வழிதான். இதனால் ஒரு ரகத்துக்கு எது தாய், எது தந்தை என்று தனித்தனியாகத் தேட முடிகிறது. சிம்மண்ட்ஸ் கையில் இந்த வசதி எதுவும் கிடையாது. மடலையும் சூலையும் பார்த்து அவர் போட்ட குழுக்களின் மேல்தான் நாங்கள் இன்றும் எங்கள் முடிவுகளை எழுதுகிறோம். திருத்துவதற்குக்கூட அவருடைய ஏயும் பியும் வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே வாழை ரகங்களின் பெரிய தொகுப்பு உண்டு. போய்ப் பார்.

மலையோரத்துக்காரி பதில்:

நான் விவசாயிதான், படித்தது குறைவு. சார் சொன்ன மடல் விஷயம் உண்மை. மட்டிக் கூம்பின் மடல் சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும், மொந்தனில் அப்படி இல்லை. இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் இவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு ஒரு சந்தேகம் சார். மட்டியிலேயே செம்மட்டி, தேன்மட்டி என்று நாங்கள் பிரித்துச் சொல்கிறோம். மணமும் தோலும் வேறு வேறு. புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாவற்றையும் மட்டி என்று ஒரே பெயரில் கேட்கிறார்கள். ஒரு இடத்தில் திசு வளர்ப்புக் கன்று வாங்கினேன், மட்டி என்றுதான் கொடுத்தார்கள், குலை தள்ளிய பிறகு பார்த்தால் வேறு ஏதோ வாழை. கன்றாக இருக்கும்போதே இந்த மதிப்பெண் முறையில் கண்டுபிடிக்க முடியுமா?

அருமனை ஆசிரியர் பதில்:

அக்கா, இரண்டு கேள்விக்கும் பதில் வேறு.

கன்றில் இந்த முறை நடக்காது. 15 அடையாளங்களில் பெரும்பாலானவை பூவிலும் குலையிலும் இருப்பவை. தண்டின் திட்டும் இலைக்காம்பின் பள்ளமும் மட்டும் முன்னாலேயே தெரியும், அதை வைத்து மொந்தனையும் மட்டியையும் பிரிக்கலாம். ஏஏ வாழைக்குப் பதிலாக ஏஏஏ வாழையைக் கொடுத்திருந்தால் அதுவும் உதவாது. கன்றிலேயே உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. சோதனைதான் வேண்டும்.

செம்மட்டியும் தேன்மட்டியும் இரண்டுமே ஏஏ. மதிப்பெண் போட்டால் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். சிம்மண்ட்ஸின் எழுத்து குழுவைச் சொல்லும், குழுவுக்குள் இருக்கும் உருவ வேறுபாட்டைச் சொல்லாது. வாழை கன்று வழியாகவே பெருகுவதால், ஏதோ ஒரு மூட்டில் ஏற்படும் சின்ன மாற்றம் அப்படியே கன்றுகளில் தொடர்கிறது. செவ்வாழைத் தோட்டத்தில் திடீரென்று ஒரு மூடு பச்சைக் குலை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த வகை மாற்றம்தான். மட்டியின் உட்பிரிவுகளிலும் இப்படி வந்தவை இருக்கலாம். அதைப் பிரித்து எழுத விவசாயியின் கண் வேண்டும். எந்த மூட்டிலிருந்து எந்தக் கன்று எடுத்தீர்கள், குலை எப்படி, தோல் எப்படி, மணம் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிம்மண்ட்ஸும் தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயிகள் வைத்த பெயர்களைக் கேட்டு எழுதியவர்தான். ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் அவர் வாழை சேகரிக்கப் போனது அதற்காகத்தான்.

கோதையாற்றங்கரை பதில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மொந்தனின் இலைக்காம்பை வெட்டிப் பார்த்தேன், விளிம்பு நன்றாக உள்ளே வளைந்திருக்கிறது. மட்டியில் விரிந்து கிடக்கிறது. மட்டியின் சூலில் இரண்டு வரிசை தெளிவாகத் தெரிந்தது. மொந்தனில் எண்ணவே முடியாதபடி கலைந்து கிடந்தது, அது நான்கு வரிசையாகத்தான் இருக்க வேண்டும். ஏத்தனில் இலைக்காம்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, 2 போடவா 3 போடவா என்று குழப்பம். சார், அப்படி நடுவில் வந்தால் என்ன செய்வது?

அக்கா, உங்கள் தோட்டத்தில் செம்மட்டி இருந்தால் ஒரு கன்று தர முடியுமா? எங்கள் பக்கம் யாரிடமும் இல்லை.

அருமனை ஆசிரியர் பதில்:

ஒரே மரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே. வேறு வேறு இடத்தில் நிற்கும் நாலைந்து ஏத்தனைப் பார், அதில் அதிகம் வருவதை எழுது. வெயிலில் நிற்பதும் நிழலில் நிற்பதும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். பக்கத்தில் மட்டியும் மொந்தனும் வெட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் குழப்பம் குறையும்.

மலையோரத்துக்காரி பதில்:

செம்மட்டி இருக்கு பிள்ளே. இப்போது எடுத்தால் தாய் வாழை குலை வாங்கும் நேரம், கன்று எடுக்க முடியாது. குலை வெட்டின பிறகு சொல்கிறேன், வந்து எடுத்துக்கொள். எந்த மூடு என்று எழுதியே தருகிறேன்.